எண் 1, அகலத் தெரு

குடிநீர் வழங்கல் துறையின் வரலாற்றை இனி எழுதப் புகுவோர் அதை இரண்டே பாகங்களாகத்தான் எழுத முடியும். ஒன்று, மக்கள் தங்கள் முகவரியைத் தாங்களே எழுதிக்கொண்டிருந்த இருண்ட காலம். மற்றது, அந்தச் சிரமத்தைத் துறையே பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு, யார் எங்கே குடியிருக்கிறார் என்பதை அவரவருக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கிய பொற்காலம். இரண்டு காலங்களிலும் வாழ்ந்து, இரண்டிலும் ஒரே பைப் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு அலைந்த பெருமை ஒருவருக்கு உண்டு. அவரை எல்லாரும் ஃபிட்டர் என்றே கூப்பிட்டார்கள். பதினேழு வருடமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டில் மனைவிகூடக் காய்கறிப் பையை நீட்டும்போது "ஃபிட்டரே, வெங்காயம் மறந்துடாதீங்க" என்கிற அளவுக்கு அந்தப் பெயர் ஊறிப்போயிருந்தது.

இருண்ட காலத்தில் துறையின் இணையதளத்தில் ஒரு புகார்ப் படிவம் இருந்தது. அதில் 'முகவரி' என்று ஒரு வெற்றுக் கட்டம். கட்டம் வெற்றாக இருந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார்கள். "பச்சைக் கேட்டுக்குப் பின்புறம், மாடிப்படிக்குக் கீழே உள்ள வீடு. கதவைத் தட்ட வேண்டாம், குழந்தை தூங்கும். ஜன்னலில் கூப்பிடவும்" என்று ஒருத்தி எழுதுவாள். "சைக்கிள் கடையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். ஆனால் நான் அனுப்பினதாகச் சொல்ல வேண்டாம்" என்று ஒருவர் எழுதுவார். "போன தடவை வந்த அதே வீடு, அதே குழாய்" என்று இன்னொருவர் உள்ளர்த்தத்தோடு எழுதுவார். இப்படிப்பட்ட அநாகரிகமான தகவல்களை நம்பித்தான் ஃபிட்டர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஒரு தடவைகூட அவர் வீடு மாறிப் போனதில்லை.

இந்த அவலத்துக்கு முடிவு கட்ட ஓர் ஆலோசகர் வந்து சேர்ந்தார். அவர் எதைச் சொன்னாலும் "ஒரே சொடுக்கு" என்று முடிப்பார். முடிக்கும்போது விரலையும் சொடுக்குவார். வந்த இரண்டாம் நாளே அலுவலகத்தில் அவருக்கு 'சொடுக்கு சார்' என்ற பட்டம் கிடைத்துவிட்டது.

அவருக்காகக் கூட்ட அறையில் சிறப்புக் கூட்டம் கூடியது. முன்வரிசையில் இயக்குநர். அவருக்குப் பக்கத்தில் மேற்பார்வையாளர். பதவிக்கு ஏற்ற மனிதர். எதையும் மேலாகத்தான் பார்ப்பார். கடைசி வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலிகளில், ஃபிட்டரும் அவரைப் போன்ற 'களப் பணியாளர்களும்'.

"ஒரு மனுஷனுக்குத் தன்னோட முகவரியை எழுத சராசரியா எவ்வளவு நேரம் ஆகுது தெரியுமா?" என்று சொடுக்கு சார் ஆரம்பித்தார்.

யாருக்கும் தெரியவில்லை. இயக்குநர் கவலையோடு முன்னால் சாய்ந்தார்.

"நாற்பத்தேழு விநாடி!"

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. இத்தனை காலம் இப்படியொரு கொடுமை நடந்துகொண்டிருந்தது தெரியாமல் போய்விட்டதே என்று இயக்குநர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே மூணு எழுத்து தட்டினா போதும். நம்ம முகவரி தேடல் சேவை, முழு முகவரியையும் பட்டியலா இறக்கிக் குடுத்துடும். பார்த்து ஒண்ணை அழுத்த வேண்டியதுதான். நாலு விநாடி. ஒரே சொடுக்கு."

"மிச்சமாகுற நாற்பத்துமூணு விநாடியை ஜனங்க என்ன சார் பண்ணுவாங்க?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். கூட்டத்துக்கு ஒரு கேள்வி கேட்பது அவர் வழக்கம்.

"அது அவங்க முன்னேற்றத்துக்கு" என்றார் இயக்குநர்.

கடைசி வரிசையில் ஃபிட்டர் எழுந்து நின்றார். "சார், ஒருத்தர் வீடு அந்தப் பட்டியல்ல இல்லேன்னா?"

சொடுக்கு சார் அவரைப் பரிவோடு பார்த்தார். "பட்டியல்ல இல்லாத வீடு எங்கங்க இருக்கு?"

"தெருவுல சார்."

"தெருவுல இருக்கறது வீடு இல்லீங்க. அது 'சரிபார்க்கப்படாத கட்டடம்'."

இந்தப் பதில் கூட்டக் குறிப்பில் தடித்த எழுத்தில் பதிவானது. அத்தோடு இன்னும் இரண்டு தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. முகவரி துல்லியமாகக் கிடைத்துவிடுவதால் 'அடையாளக் குறிப்பு' எழுதும் கட்டம் நீக்கப்படும். அதே காரணத்தால் புகார் கொடுப்பவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் 'தனியுரிமை' கருதிக் களப் பணியாளர் கண்ணில் படாமல் மறைக்கப்படும். குழாய்க்குத்தான் வேலை, குழாய் வைத்திருப்பவரிடம் என்ன வேலை?

சேவை தொடங்கியது. அது எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பட்டியலை ஏதோ ஒரு கம்பெனி பெரிய தெருக்களில் மட்டும் நடந்து தொகுத்திருந்தது. ஊரில் பாதி வீடுகள் சந்திலும் பின்கட்டிலும் மாடியிலும் இருந்தன. அவை பட்டியலில் இல்லை. ஒருவர் தட்டிய எழுத்துக்கு எந்த முகவரியும் பொருந்தாவிட்டால் பட்டியல் கோபித்துக்கொள்ளாது. அகர வரிசையில் முதலிலிருந்து மரியாதையாக ஆரம்பிக்கும். முதல் முகவரிக்கு முன்னால் ஒரு டிக் தானாகவே விழுந்திருக்கும். 'என் முகவரி இதில் இல்லை' என்று சொல்ல வழியே இல்லையா என்றால், உண்டு. அதற்கென ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் 'மிக்க நன்றி, முதலில் உங்கள் முகவரியைத் தேர்ந்தெடுக்கவும்' என்று அதே பட்டியல் திரும்ப விரியும்.

வீட்டுக்குள் சாக்கடை ஏறிக்கொண்டிருக்கும்போது எத்தனை தடவை பட்டியல் படிக்க முடியும்? ஜனங்கள் டிக் விழுந்த முகவரியையே விட்டுவிட்டுச் 'சமர்ப்பி'யை அழுத்தினார்கள். போன் நம்பர் கொடுத்திருக்கிறோமே, கூப்பிட்டுக் கேட்க மாட்டார்களா என்ற அசட்டு நம்பிக்கைதான்.

அந்த முதல் முகவரி: எண் 1, அகலத் தெரு.

முதல் நாள் காலையில் ஃபிட்டரின் செல்போனில் ஆறு புகார்கள் வந்து விழுந்தன. ஆறும் அதே முகவரி. ஒரே வீட்டில் இரண்டு கசிவு, மூன்று அடைப்பு, ஒரு 'தண்ணீர் வரவே இல்லை'. பாவம், யாரோ பெரிய குடும்பம் என்று நினைத்துக்கொண்டு, பெரிய ரெஞ்சையும் எடுத்துக்கொண்டு போனார்.

அகலத் தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். எண் 1 ஒரு பல் மருத்துவமனை. மருத்துவமனை என்றால் ஒரே அறை. அதில் சாயும் நாற்காலி ஒன்று, கைகழுவும் தொட்டி ஒன்று, வாயைப் பிளந்தபடி இருக்கும் பிளாஸ்டர் தாடை ஒன்று. வாசலையொட்டி ஒன்றோடொன்று இரும்பால் இணைத்த மூன்று காத்திருப்பு நாற்காலிகள். உள்ளே ஓர் இளம் டாக்டர், எட்டு மாதமாக யாராவது வருவார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவள், துள்ளி எழுந்தாள்.

"வாங்கண்ணா, வாங்க. உக்காருங்க. எந்தப் பல்லு?"

"பல்லு இல்லீங்க டாக்டரம்மா, குழாய். உங்க எடத்துல ஆறு பழுதுன்னு வந்திருக்கு."

"என்கிட்ட இருக்கறதே ஒரு குழாய்தான். அதுவும் நல்லாத்தான் இருக்கு."

ஃபிட்டர் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. மூடினார். நின்றது. இவ்வளவு ஒழுக்கமான குழாயை அவர் தம் பணிவாழ்வில் கண்டதில்லை. வாசலுக்கு வந்து மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்.

"சார், இங்க பழுதே இல்ல."

"அப்ப வேலை சுலபமாப் போச்சு. 'தீர்ந்தது'ன்னு போட்டுடு."

"தீர்க்கறதுக்கு எதுவும் இல்லையே சார். வேற யாரோ, வேற எங்கயோ..."

"போன்ல ரெண்டு பொத்தான் இருக்கா?"

இருந்தது. ஒன்றில் 'தீர்ந்தது'. மற்றதில் 'தீர்க்க மறுக்கிறேன்'.

"மறுக்கறியா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? ஒவ்வொரு புகாருக்கும் இருபது நிமிஷம் அந்த எடத்துலயே இருக்கணும். போன் பார்த்துக்கிட்டு இருக்கும். அதுக்கு முன்னாடி நகர்ந்தா 'அவசரப் பணி'ன்னு விளக்கம் கேட்டு ஓலை வந்துடும்."

ஆறு புகார், நூற்றிருபது நிமிடம். ஃபிட்டர் மூன்று நாற்காலிகளில் நடுநாற்காலியில் உட்கார்ந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை செல்போன் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஒன்பது. அதற்கு மறுநாள் பதினாறு. ஒரு நாள் தண்ணீர் லாரி ஒன்று வந்து, தெருவுக்குள் நுழைய முடியாமல் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. "ஐயாயிரம் லிட்டர் கேட்டிருக்கீங்களேம்மா" என்று ஓட்டுநர் கத்தினார். "நான் வாய் கொப்புளிக்கத்தான் தண்ணி வெச்சுக்கறேன்" என்று டாக்டர் பதிலுக்குக் கத்தினாள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க. வாயைக் கொஞ்சம் திறங்கண்ணா."

ஃபிட்டர் கூச்சத்தோடு திறந்தார். டாக்டர் விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அண்ணா, இது வாயா, தோண்டிப் போட்ட ரோடா?"

அன்றைக்கே பணி தொடங்கியது. முதல் இருபது நிமிடத்தில் சுத்தம். அடுத்த புகாரில் கீழ்ப்பல். அதற்கடுத்ததில் மேல்பல். மேற்பார்வையாளர் அவ்வப்போது போனில் முன்னேற்றம் கேட்பார்.

"அந்த அடைப்பு என்னய்யா ஆச்சு?"

"அடைச்சாச்சு சார்."

"யோவ், அடைப்பை எடுக்கணும்யா!"

"மொதல்ல சொத்தையை எடுத்துட்டுத்தான் சார் அடைச்சாங்க."

"அப்படியா, ரெண்டும் முடிஞ்சுதா? சபாஷ். அந்த வேர் புகுந்த கேஸ்?"

"வேரைச் சுத்தம் பண்ணியாச்சு சார். நாளைக்கு மூடி போட்டுடுவாங்க."

துறை தலைநிமிர்ந்தது. முகவரிப் பிழை, பூஜ்யம். தீராத புகார், பூஜ்யம். எந்தப் புகாரும் இருபது நிமிடத்துக்கு மேல் போவதில்லை. இயக்குநரின் அறைச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் கோடு ஏறுவதும் இறங்குவதுமான சஞ்சலங்களையெல்லாம் விட்டுவிட்டு, நூறில் போய் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. மாதாந்தரக் கூட்டத்தில் ஃபிட்டருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்துக் கைதட்டினார்கள். அவர் சிரித்தார். பல்வரிசை பார்க்கவே அழகாக இருந்தது.

மனசாட்சி என்று ஒன்று அவருக்கும் இருந்தது. ஆனால் அதற்குப் புகார் எண் இல்லை. அகலத் தெருவுக்குப் போகிற வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர் பெருக்கெடுத்து ஓடும். ஃபிட்டர் பேன்ட்டை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு கடப்பார். சட்டையில் இருந்த துறை முத்திரையைப் பார்த்து ஜனங்கள் மாடியிலிருந்து கை தட்டிக் கூப்பிடுவார்கள்.

"இங்க வாங்க சார், இங்கதான்!"

"புகார் குடுங்க" என்பார் ஃபிட்டர்.

"குடுத்தாச்சு சார்."

"அப்ப வருவாங்க" என்று சொல்லிவிட்டு, பதினொரு மணிக்கு வேர் சிகிச்சை இருந்ததால் வேகமாக நடப்பார். முதல் வாரம் அப்படிச் சொல்லும்போது தலை குனிந்தது. மூன்றாவது வாரம் குனியவில்லை.

ஐந்தாவது வாரம், ஒரு நண்பகலில், கடைவாய்ப் பல் ஒன்றுக்காக அவருக்கு மரத்துப்போகும் ஊசி போட்டிருந்த சமயம், செல்போன் அடித்தது. அவருடைய அக்கா. ஊரின் மறுகோடியில், ஓர் அச்சகத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் அவள் குடியிருந்தாள். பத்து வீடுகள், பத்துக்கும் ஒரே குழாய் வழி.

"அழ்ழா" என்றார் ஃபிட்டர்.

"என்னடா?"

"ழொழ்ழு அழ்ழா."

"டேய், பட்டப்பகல்ல குடிச்சிருக்கியா?"

"இழ்ழழ்ழா! ழல் ழாழ்ழர்..."

டாக்டர் போனை வாங்கிக்கொண்டாள். "அக்கா, நான் பல் டாக்டர் பேசறேன். இவருக்கு ஊசி போட்டிருக்கேன். அரை மணி நேரத்துல பேச்சு வந்துடும்."

"பேச வேண்டாம்மா. கேட்டா போதும்."

டாக்டர் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திப் போனைத் தட்டின் மேல், குறடுகளுக்கு நடுவே வைத்தாள்.

"குழாயைத் திறந்தா சாக்கடை நாத்தம் அடிக்குதுடா. ஒரு மாசமா. காய்ச்சிக் குடிச்சும் கேக்கல. சந்துல வீட்டுக்கு ஒருத்தர் வயித்தைப் பிடிச்சுட்டுப் படுத்திருக்காங்க. உங்க மாமாவை ஆஸ்பத்திரில சேர்த்து இன்னிக்கு மூணாம் நாள். பாட்டில் பாட்டிலா ஏத்தறாங்க. கண்ணு குழி விழுந்து கெடக்கறாரு."

ஃபிட்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ழ்ழீ ழேன்..." என்றார்.

"ஏன் என்கிட்ட சொல்லலேன்னு கேக்கறாருக்கா" என்றாள் டாக்டர். ஐந்து வாரப் பழக்கத்தில் அவளுக்கு அந்த மொழி புரியும்.

"ஏன் சொல்லலியா? போன தடவை சொன்னப்ப நீ என்னடா சொன்ன? 'அக்கா, உறவுன்னு வந்து கேக்காத. எல்லாரையும் மாதிரி படிவத்துல போடு. வரிசையா வரும்'னு சொன்னியா இல்லியா? போட்டேன். பதினோரு தடவை போட்டேன். பதினோரு தடவையும் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி'ன்னு செய்தி வருது. நன்றி சொல்றதுக்கு நாங்க என்னடா பண்ணினோம்? எவன்டா அவன், வராமலே தீர்த்துவெக்கறவன்?"

டாக்டர் மருந்துச் சீட்டு ஒன்றைக் கிழித்து, அக்கா சொல்லச் சொல்லப் புகார் எண்களை எழுதினாள். ஃபிட்டர் தட்டில் கிடந்த செல்போனிலேயே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றின் கீழும் அவர் விரலால் கிறுக்கிய கையெழுத்து இருந்தது. தேதியையும் நேரத்தையும் பார்த்ததும் அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அக்காவின் முதல் புகாரில் பல் சுத்தம் செய்திருந்தார்கள். மூன்றாவதில் மேல்பல் அடைப்பு. ஏழாவது புகாரில் வலி இல்லாமல் வேரை எடுத்ததற்காக டாக்டருக்குப் பெரிய கும்பிடு போட்டது ஞாபகம் வந்தது. பதினோராவது, மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று காலை போட்டது. அன்று இருபது நிமிடமும் வாய் கொப்புளித்திருந்தார்.

"எவன்னு தெரிஞ்சுதா?" என்று தட்டிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

நாக்கு மரத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஃபிட்டர் கழுத்தில் கட்டியிருந்த துணியோடு எழுந்து வெளியே போனார்.

முதலில் அவர் போனது அலுவலகத்துக்கு. சாலையைத் தோண்ட அனுமதி வேண்டும் அல்லவா? பதினேழு வருடத்து ஒழுங்கு ஒரே நாளில் போய்விடாது. இயக்குநரின் அறையில் சொடுக்கு சாரும் மேற்பார்வையாளரும் இருந்தார்கள். நாக்கு பாதி திரும்பியிருந்தது. ஃபிட்டர் விஷயத்தைச் சொன்னார்.

சொடுக்கு சார் கணினியில் மூன்று எழுத்து தட்டினார். "அப்படி ஒரு சந்து இல்லையே."

"எங்க அக்கா அங்க இருபது வருஷமா குடியிருக்கா சார்."

"இருக்கலாம். நான் சந்து இல்லேன்னுதான் சொன்னேன். உங்க அக்கா இல்லேன்னு சொல்லலையே."

"அப்ப பட்டியல்ல சேருங்க சார்."

"தாராளமா. அதுக்குன்னு நடைமுறை இருக்கு. 'இந்த வீட்டின் குடிநீர் இணைப்பு குறைபாடு அற்றது'ன்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வந்தா, ஒரே சொடுக்கு."

"குறை இருக்கறதாலதானே சார் சேர்க்கச் சொல்றேன்?"

"குறை இருக்கற வீட்டையெல்லாம் சேர்த்தா அப்புறம் பட்டியலோட தரம் என்னங்க ஆகறது?"

இயக்குநர் கையை உயர்த்தி இருவரையும் அமைதிப்படுத்தினார். அவர் நியாயமான மனிதர். பதினோரு புகார்களையும் தானே திரையில் வரவழைத்துப் பார்த்தார்.

"எல்லாம் தீர்ந்திருக்கேப்பா."

"தீரலை சார்."

"இங்க தீர்ந்ததுன்னுதான் இருக்கு. யார் தீர்த்தது?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்ன? மனுஷனுக்குத் தன் வேலை மேல நம்பிக்கை வேணும்ப்பா" என்று சொல்லி, அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

ஃபிட்டர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். கிடங்கில் இருந்து கடப்பாரை, மண்வெட்டி, ஒரு நீளக் குழாய், இரண்டு இணைப்பு எடுத்துக்கொண்டு வண்டியில் கட்டினார். நேராக அச்சகத்துக்குப் பின்னால் போனார்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். ஃபிட்டர் சந்தின் நடுவில் கடப்பாரையை இறக்கினார். எழுந்து நிற்க முடிந்தவர்கள் நாலைந்து பேர் வந்து மண்ணை அள்ளினார்கள். முழங்கால் ஆழத்தில் விஷயம் தெரிந்தது. சாக்கடைக் குழாய் குடிநீர்க் குழாயின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து, இரண்டும் ஒரே இடத்தில் விரிசல் விட்டு, உறவு கொண்டாடிக்கொண்டிருந்தன. கருப்பாக ஒன்று சொட்டியது.

ஃபிட்டர் வேலையைத் தொடங்கினார். சட்டைப் பையில் செல்போன் ஓயாமல் கத்தியது. கடைசியில் அக்காவே வெளியே வந்து, குழிக்குள் கையை விட்டு, அவர் பையிலிருந்து அதை எடுத்துப் படித்தாள்.

"'நீங்கள் தற்போது எந்த முகவரியிலும் இல்லை. உடனடியாக ஒரு முகவரிக்குத் திரும்பவும்.' என்னடா இது?"

"நான் இல்லையாம்க்கா."

அக்கா போனை அச்சகத்துச் சுவர் மேல் வைத்தாள். திரும்பவும் குழியருகே வந்து குந்தினாள். "அந்தப் பதினோரு கையெழுத்தும் உன்னோடதா?"

ஃபிட்டர் மண்ணைப் பார்த்தபடி "ஆமா" என்றார்.

இணைப்பைப் பிடித்துக்கொள் என்று அவர் சொன்னபோது பிடித்துக்கொண்டாள்.

நான்கு மணி நேரம் ஆயிற்று. சாக்கடைக் குழாயின் விரிசலை அடைத்து, அதை ஒரு முழம் தள்ளி நகர்த்தி, பழைய குடிநீர்க் குழாயை அறுத்து, புதியதை வைத்து முறுக்கினார். பெரிய வால்வைத் திறந்தபோது அக்கா வீட்டுக் குழாய் முதலில் இருமியது. பழுப்பாக வந்தது. ஒரு வாளி, இரண்டு வாளி, ஒன்பது வாளி கொட்டிய பிறகு தெளிவாக விழுந்தது. அக்கா ஒரு டம்ளர் பிடித்து, மோந்து பார்த்து, ஃபிட்டரிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீ குடி."

குடித்தார்.

"முழுசா."

முழுசாகக் குடித்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பாட்டிலைக் கழுவி, காய்ச்சி ஆற்றிய தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்து, "நீயும் வா. அவர் உன்னைத்தான் கேட்டுட்டே இருக்காரு" என்றாள்.

பத்து நாளில் மாமா வீடு திரும்பினார். சந்தில் எல்லாரும் எழுந்து நடமாடினார்கள். எவர் வீட்டுக் குழாயிலும் குறை இல்லை என்பதால் பத்து வீட்டுக்கும் 'குறைபாடு அற்ற இணைப்பு'ச் சான்றிதழ் கிடைத்தது. சான்றிதழ் கிடைத்ததால் சந்து பட்டியலில் சேர்ந்தது. இயக்குநரே வந்து, மூடிய குழியின் மேல் நின்று ரிப்பன் வெட்டினார்.

"பார்த்தீங்களா?" என்று சொடுக்கு சார் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "பட்டியல்ல சேர்ந்ததும் தண்ணி எவ்வளவு சுத்தமாயிடுச்சு!"

அதற்கடுத்த வாரம் ஃபிட்டர் மீது விசாரணை தொடங்கியது. குற்றச்சாட்டு இரண்டு. பணி நேரத்தில் நான்கு மணி நேரம் எந்த முகவரியிலும் இல்லாமல் இருந்தது; ஏற்கனவே பதினோரு முறை செம்மையாகச் சரிசெய்யப்பட்ட குழாயை அனுமதி இல்லாமல் தோண்டி எடுத்தது.

ஃபிட்டருக்காகச் சாட்சி சொல்லப் பல் டாக்டர் வந்தாள். சிகிச்சை அட்டையை மேஜை மேல் வைத்தாள். "பதினோரு தடவையும் இவர் அந்தச் சந்துக்குப் போகவே இல்லீங்க. என் நாற்காலிலதான் படுத்திருந்தார். தேதி, நேரம், பல் நம்பர் எல்லாம் இதுல இருக்கு."

விசாரணை அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆக, பதினோரு தடவையும் புகார்ல இருந்த முகவரியிலதான், குறித்த நேரத்துக்கு, முழு இருபது நிமிஷமும் இருந்திருக்கார்?"

"ஆமா, ஆனா..."

"ரொம்ப நன்றிம்மா. துறைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது."

அதிகாரி ஃபிட்டர் பக்கம் திரும்பினார். "நீங்களே கையெழுத்துப் போட்டு முடிச்ச வேலையைப் பன்னிரண்டாவது தடவை எதுக்குத் தோண்டினீங்க?"

"அந்தப் பதினோரு தடவையும் நான் எதுவுமே சரிசெய்யலைங்க. அங்க போகக்கூட இல்ல. அது என் தப்புதான். அதுக்குத் தண்டனை குடுங்க, வாங்கிக்கறேன்."

"அதுல ஒரு தப்பும் இல்லையே" என்றார் அதிகாரி, உண்மையான வியப்போடு. "போகாம தீர்த்தீங்க, பாராட்டுக் கடிதம் குடுத்தோம். போய்த் தீர்த்தீங்க பாருங்க, அதுதான் பிரச்சினை."

"அங்க ஜனங்க செத்துட்டிருந்தாங்க சார்."

"அப்படி ஒரு புகாரும் நிலுவையில இல்லையே."

தீர்ப்பு மறுநாளே வந்தது. மூன்று பக்கம், நல்ல தாளில். 'களப் பணியாளர் மேற்படி தேதியில், மேற்படி இடத்தில், குடிநீர்க் குழாய் ஒன்றைத் தன் கையால் பழுதுபார்த்தது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. ஆறு மாதம் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார்.'

துறையின் ஆண்டறிக்கையும் அதே வாரம் வெளியானது. அதில் யாரும் மறுக்க முடியாத செய்தி ஒன்று இருந்தது. இயக்குநரிலிருந்து கடைநிலை வரை அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் பணிபுரியும் அந்தத் துறையில், அந்த ஆண்டு முழுவதும் வேலை செய்ததாகக் குற்றம் நிரூபிக்கப்பட்டவர் ஒரே ஒருவர்தான். மற்ற அறுநூற்றுப் பதினோரு பேரும் நிரபராதிகள்.